கூட்ட அறிவிப்பு முதல் தீர்மானப் புத்தகம் வரை

தமிழ்நாட்டில் நகராட்சி மன்றக் கூட்டம் என்றால் செய்தித்தாள் வாசகருக்கு நினைவுக்கு வருவது கூச்சலும் வெளிநடப்பும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் உறுப்பினர்களும்தான். கூட்ட அறிவிப்பைத் தயாரித்து, பொருட்களைத் தொகுத்து, நடவடிக்கைக் குறிப்பை எழுதிப் பாதுகாக்கும் அலுவலகப் பகுதிக்கு மன்றப் பிரிவு என்று பெயர். அப்பிரிவில் நெடுங்காலம் இருந்தவர்கள் அறிந்த கூட்டம் வேறு வகையானது. அரங்கில் ஓங்கி ஒலிக்கும் குரலுக்கும் மன்றம் எடுக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு என்பதை அவர்கள் அறிவர். முடிவின் பெரும்பகுதி கூட்டத்துக்கு முன் அச்சாகும் தாள்களிலும், கூட்டம் முடிந்தபின் எழுதப்படும் புத்தகத்திலும் உருவாகிறது. அத்தாள்களையும் அப்புத்தகத்தையும் கட்டுப்படுத்தும் விதிகளைத் தெரிந்துகொண்ட உறுப்பினர், கட்சி பலமும் பண பலமும் இல்லாதவராயினும், மன்றத்தில் மதிக்கப்படுகிறார். இக்கட்டுரையாளரின் பணிக்காலம் முழுவதும் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்ட உண்மை இது.

1990களின் தொடக்கத்தில் இக்கட்டுரையாளர் இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்தபோது நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை. 1986 தேர்தலில் வந்தவர்களின் காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வாகத்தை நடத்திவந்தனர். 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது; 1996 அக்டோபரில் தேர்தல் நடந்து, மன்றங்கள் மீண்டும் கூடின. புதிய உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது தெரியாது. அலுவலகத்திலும் அதை நேரில் கண்டவர்கள் சிலரே எஞ்சியிருந்தனர். 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கூட்ட நடைமுறை விதிகள் இருந்தன. ஆயினும் அன்று பாடநூலாகப் பயன்பட்டவை பதிவறையின் மேல்தட்டில் இருந்த பழைய தீர்மானப் புத்தகங்களே. துணி உறையிட்டுத் தைக்கப்பட்டு, பக்கந்தோறும் எண் முத்திரை குத்தப்பட்ட அப்புத்தகங்களில் இடையில் ஒரு தாளைக் கிழித்தெடுக்கவோ செருகவோ முடியாது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் எஞ்சிய வெற்றிடம் குறுக்குக்கோட்டால் அடைக்கப்பட்டு, அதன் கீழ் தலைவரின் ஒப்பம் இருந்தது. பின்னாளில் யாரும் ஒரு வரியைக்கூடச் சேர்த்துவிடக் கூடாது என்ற கவலை அந்தக் கோட்டில் தெரிந்தது. விதி என்பது எதற்காக இருக்கிறது என்பதைச் சட்டப் பிரிவுகளைக் காட்டிலும் அந்தக் கோடே புதிதாய் வந்த ஊழியருக்கு நன்றாக விளக்கியது.

கூட்டம் தொடங்குவது மன்ற அரங்கில் அன்று, அறிவிப்பில்தான். கூட்டத்தின் இடம், நாள், நேரம், எடுத்துக்கொள்ளப்படும் பொருள் ஆகியவற்றை உறுப்பினர்களுக்கு மூன்று முழு நாட்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் விதி. முழு நாட்கள் என்றால், அறிவிப்பு தரப்படும் நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் விட்டுவிட்டு, இடையில் முழுமையாகக் கிடைக்கும் நாட்கள். பத்தாம் தேதி அறிவிப்பு சேர்ந்தால் பதினான்காம் தேதிக்கு முன் கூட்டம் நடத்த இயலாது. அவசரக் காரணம் இருந்தால் குறைந்த கால அவகாசத்தில் கூட்டலாம் என்ற விலக்கும் அங்கேயே உண்டு. காலப்போக்கில் அந்த விலக்கே பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அவசரக் கூட்டம் என்ற தலைப்பின் கீழ் தெருவிளக்குக் குழாய் வாங்குவதும் கழிவுநீர் வாய்க்கால் தூர்வாருவதும் வைக்கப்பட்டதை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு. மூன்று நாட்கள் கிடைத்தால் ஓர் உறுப்பினர் தம் வார்டுக்குச் சென்று அந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்பார். ஒரே நாள் கிடைத்தால் தாளைப் பிரித்துப் படிக்கவும் நேரம் இராது. அவசரம் என்ற சொல்லுக்கு உரிய காரணத்தை அறிவிப்பிலேயே எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதை உறுப்பினர்கள் உணர்ந்த மன்றங்களில் அவசரக் கூட்டங்கள் தாமாகக் குறைந்தன.

அறிவிப்பை உரியவரிடம் சேர்ப்பித்து ஒப்பம் பெறுவதை அலுவலக வழக்கில் சார்வு செய்தல் என்பர். இப்பணி அலுவலக உதவியாளர்களுடையது. சைக்கிளில் வார்டு வார்டாகச் சென்று, உறுப்பினர் வீட்டில் இல்லையெனில் வயது வந்த குடும்பத்தாரிடம் கொடுத்து, அவரும் வாங்க மறுத்தால் சாட்சிகள் முன்னிலையில் கதவில் ஒட்டி, அந்த விவரத்தைச் சார்வுப் பதிவேட்டில் எழுதிவர வேண்டும். இதில் காட்டப்படும் கவனம் சிறு விஷயமாகத் தோன்றலாம். தொடர்ந்து மூன்று மாத காலம் மன்றக் கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும் என்பதும், உரிய அறிவிப்பு சார்வாகாத கூட்டத்துக்கு வராததை அவருக்கு எதிராகக் கணக்கிடக் கூடாது என்பதும் சட்டத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே ஓர் உறுப்பினரின் பதவி அலுவலக உதவியாளர் எடுத்துச் செல்லும் அந்த நீண்ட பதிவேட்டின் ஒரு வரியைப் பொறுத்து அமையக்கூடும். தலைவரோடு பகை கொண்டிருந்த உறுப்பினர் ஒருவருக்குப் பதவி இழப்பு அறிவிப்பு சென்றபோது, தமக்கு ஒரு கூட்டத்தின் அறிவிப்பு வரவேயில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். பதிவேட்டை எடுத்துப் பார்த்ததில், அந்த வரியில் இருந்த ஒப்பம் பள்ளிக்குச் செல்லும் அவர் மகனுடையது என்பது தெரிந்தது. சிறுவனிடம் கொடுத்தது உரிய சார்வு ஆகாது என்று கோப்பில் குறிப்பு எழுதப்பட்டு, உறுப்பினர் பதவி தப்பியது. தலைவர் தரப்பிலிருந்து வந்த அழுத்தம் சிறிதன்று. ஆனால் பதிவேட்டில் இருந்த குழந்தைக் கையெழுத்தை எவராலும் பெரியவர் கையெழுத்தாக்க முடியவில்லை.

அறிவிப்போடு செல்வது கூட்டப் பொருள் தொகுப்பு. அலுவலகத்திலும் வெளியிலும் இதை அஜெண்டா என்றே சொல்வர். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதன் கீழ் பொருளின் சுருக்கம், அதையடுத்து அலுவலகக் குறிப்பு, இறுதியில் ‘மன்றத்தின் பார்வைக்கும் தீர்மானத்திற்கும்’ என்ற வரி என்பது நெடுங்கால அமைப்பு. அலுவலகக் குறிப்பு என்பது அப்பொருள் எப்படி எழுந்தது, எவ்வளவு செலவாகும், எந்த நிதியிலிருந்து செய்யப்படும், சட்டப்படி மன்றத்தின் ஒப்புதல் எதற்குத் தேவை என்பவற்றைப் பிரிவு அலுவலர்கள் எழுதி, ஆணையாளர் ஏற்றுக்கொண்ட விளக்கம். ஒரு மன்றத்தின் தரத்தை அறிய அரங்குக்குள் செல்ல வேண்டியதில்லை. அதன் அலுவலகக் குறிப்புகளில் நான்கைந்தைப் படித்தால் போதும். நல்ல குறிப்பில் மதிப்பீட்டுத் தொகையும், முந்தைய ஆண்டில் அதே வேலைக்கு ஆன செலவும், ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தால் வந்த விலைகளும் இருக்கும். குறையுடைய குறிப்பில் ‘பொதுமக்கள் நலன் கருதி’ என்ற தொடர் இருக்கும், தொகை இராது.

தினசரிச் சந்தையின் சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் பொருள் ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏலத்தில் போதிய கேள்வி வரவில்லை என்பதால் நடப்புக் குத்தகைதாரருக்கே நீட்டிப்பு வழங்கலாம் என்று குறிப்பு சொன்னது. முதன்முறையாக உறுப்பினரான, பூக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி எழுந்து, ஏல அறிவிப்பு எந்தச் செய்தித்தாளில், எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் கேட்டார். அலுவலகக் குறிப்பில் அந்த விவரம் இல்லை. பதிவேடுகளைப் பார்வையிட முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் உறுப்பினருக்கு அனுமதி உண்டு என்ற விதியையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே பொருளை ஒத்திவைத்து, கோப்பைப் பார்வையிட்டபின் அடுத்த கூட்டத்தில் எடுக்கலாம் என்று முன்மொழிந்தார். குரலை உயர்த்தவில்லை, யாரையும் குற்றம் சாட்டவில்லை. மறு ஏலம் நடந்தது. கூடுதல் தொகைக்குப் போயிற்று. சந்தையில் நாள்தோறும் கூடைக்குச் சுங்கம் கட்டியவர் என்பதால் அவருக்குப் பொருள் தெரிந்திருந்தது, விதியும் தெரிந்திருந்ததால் அந்த அறிவு பயன்பட்டது. அன்று அரங்கில் மிக உரக்கப் பேசிய உறுப்பினர் எதைப் பற்றிப் பேசினார் என்பது இன்று எவர் நினைவிலும் இல்லை.

அறிவிப்பில் இல்லாத பொருள்களைக் கூட்ட நாளன்று மேஜையில் வைப்பது இன்னொரு வழக்கம். மேஜைப் பொருள் என்றும் கூடுதல் பொருள் என்றும் இதைச் சொல்வர். புயல், குடிநீர்த் தட்டுப்பாடு, நோய்ப் பரவல் போன்ற வேளைகளில் இது தவிர்க்க முடியாதது. ஆனால் கட்டட விதிமீறல் வரன்முறை, கடை ஒதுக்கீடு, ஒப்பந்தக் கால நீட்டிப்பு ஆகியவை மேஜைப் பொருளாக வரும்போது உறுப்பினர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இதன் தொடர்ச்சியாகவே ‘மன்ற ஒப்புதலை எதிர்நோக்கி’ தலைவரின் முன் அனுமதியோடு வேலையை முடித்துவிட்டு, பின்னேற்புக்கு வைக்கும் முறையும் பெருகியது. பின்னேற்பு என்பது முடிந்துவிட்ட செயலுக்கு மன்றம் பின்னர் தரும் ஒப்புதல். வேலை முடிந்து பட்டியல் தொகையும் வழங்கப்பட்டபின் மன்றம் அதை மறுத்தால் சிக்கலே மிஞ்சும் என்பதால், மறுப்பு என்பது பெயரளவிலேயே இருக்கிறது.

மன்ற விதிகளுக்கு மிகப் பெரிய பகை கூச்சல் என்று எண்ணுவோர் உண்டு. இக்கட்டுரையாளரின் மதிப்பீட்டில் அவ்விடம் ‘ஆல் பாஸ்’ என்ற இரண்டு சொற்களுக்கு உரியது. அறுபது, எழுபது பொருட்கள் கொண்ட தொகுப்பு முதல் பக்கத்தைக்கூடத் தாண்டாமல், பெரும்பான்மை வரிசையிலிருந்து ‘ஆல் பாஸ்’ என்ற குரல் எழ, மேஜைகள் தட்டப்பட, தேசிய கீதம் பாடி முடிக்கப்பட்ட கூட்டங்கள் உண்டு. அதற்குப்பின் மன்றப் பிரிவு எழுத்தர் தம் மேசையில் அமர்ந்து, விவாதிக்கப்படாத ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று தனித்தனியே எழுத வேண்டும். சட்டத்தின் கண்ணில் அவை முழுமையான தீர்மானங்கள். அவற்றை ஆதாரமாகக் கொண்டே பணம் வழங்கப்படும், வரி விதிக்கப்படும், நீதிமன்றத்தில் எதிர்வாதம் வைக்கப்படும். சொத்து வரி உயர்வால் பாதிக்கப்பட்ட வார்டு மக்கள் தம் உறுப்பினரை முற்றுகையிட்ட ஒரு வேளையில், தாம் அதை எதிர்த்ததாகவே அவர் கூறினார். நடவடிக்கைக் குறிப்பின் நகலில் அவர் பெயர் ஒருமனதான தீர்மானத்தின் கீழ் இருந்தது. பொருளைப் படித்து, எண்ணைச் சொல்லி, ‘இப்பொருளுக்கு எதிர்ப்பு, பெயரைப் பதிவு செய்க’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அது எழுதப்பட்டிருக்கும். அப்படிச் சொல்லப்பட்டதை எழுதாமல் விடும் எழுத்தர் குற்றம் செய்தவராவார். சொல்லப்படாததை எழுத எவராலும் இயலாது.

குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டுமெனில் இருக்க வேண்டிய உறுப்பினர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை, பழைய சட்டத்தில் அப்போதுள்ள உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு. நடைமுறையில் இது வருகைப் பதிவேட்டின் ஒப்பத்தால் அளக்கப்படுகிறது. ஒப்பமிட்டுவிட்டு அரங்குக்குள் வராதவர்கள், வந்து ஐந்து நிமிடத்தில் வெளிநடப்பு செய்தவர்கள் ஆகியோரும் வந்தவர்களாகவே கணக்கில் நிற்பர். வெளிநடப்பு செய்யும் எதிர்க்கட்சியினர், தாம் விட்டுச்சென்ற ஒப்பமே ஆளுங்கட்சிக்குக் குறைவெண்ணைச் சேர்த்துத் தருவதை எண்ணிப் பார்ப்பதில்லை. வாக்களிக்கும் வேளையில் குறைவெண் இருக்கிறதா என்று எண்ணச் சொல்லிக் கேட்ட உறுப்பினர்கள் மிகச் சிலரே. 2023 ஜூலை முதல் நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டபோது, கூட்டத்துக்கு வருவதும் அமர்ந்திருப்பதும் கூடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தொகையை மட்டும் வைத்து அந்தப் பழக்கம் மாறுவதில்லை என்பதே பிரிவில் இருந்தவர்களின் கருத்து.

உறுப்பினர் நடத்தை பற்றிய விதிகளில் மிகுதியாகப் பிழைபடப் புரிந்துகொள்ளப்படுவது தலைவரின் ஒழுங்கு காக்கும் அதிகாரம். அரங்கில் ஒழுங்கைப் பேணுவதும், ஒழுங்குப் பிரச்சினை எழும்போது முடிவு சொல்வதும் தலைவரின் பணி. ஒழுங்குப் பிரச்சினை என்பது, நடந்துகொண்டிருப்பது விதிக்கு முரணானது என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டுவது. அதன்மேல் தலைவர் கூறும் முடிவு இறுதியானது. இவ்வதிகாரம் தலைவரின் சொந்தப் பெருமைக்கு உரியதன்று. பேச வாய்ப்புக் கிடைக்காத உறுப்பினருக்கு வாய்ப்பு வாங்கித் தருவதற்கு உரியது. அதை அவ்வாறு கையாண்ட தலைவர்களும் இருந்தனர். ஒருவர் தம் கட்சிக்காரரையே அமரச் சொல்லி, எதிர்வரிசையில் கையுயர்த்தி நின்ற உறுப்பினரைப் பேச விட்டதால், அடுத்த மூன்று ஆண்டுகள் அந்த மன்றத்தில் மைக்கைப் பிடுங்கும் நிகழ்ச்சி நடக்கவில்லை. இன்னொருவர் கேள்வி கேட்டவர்களையெல்லாம் வெளியேறச் சொன்னார். அங்கே ஒவ்வொரு கூட்டத்துக்கும் காவல்துறை வாகனம் வாசலில் நின்றது.

பேச்சு உறுப்பினருக்கு மட்டுமே உரியது என்ற விதி பெண் உறுப்பினர்களுக்குப் பேருதவியாக இருந்தது. 1996இல் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோதும், 2016 சட்டத் திருத்தத்தின்படி அது பாதியாக உயர்ந்தபோதும், அவர்களுடன் கணவரும் சகோதரரும் மாமனாரும் அரங்குவரை வந்தனர். மன்றக் கூட்டம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. ஆகவே அவர்கள் பார்வையாளர் வரிசையில் அமரத் தடையில்லை, ஆனால் அங்கிருந்து பேசவோ சீட்டு அனுப்பவோ கூடாது. முதல் ஆண்டில் கணவர் எழுதித் தந்த தாளைப் படித்த உறுப்பினர் ஒருவர், இரண்டாம் ஆண்டின் நடுவில், பார்வையாளர் வரிசையிலிருந்து குறுக்கிட்ட கணவரைப் பார்த்து, ‘அண்ணே, நீங்க உட்காருங்க, இது எங்க கூட்டம்’ என்று கூறிய பக்கத்து வார்டுப் பெண் உறுப்பினரின் சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அதன்பின் அவர் தாள் இல்லாமல் பேசத் தொடங்கினார். குடிநீர் வரும் நேரம், பொதுக் கழிப்பறையில் விளக்கு இல்லாமை, அங்கன்வாடிக் கட்டடத்தின் ஒழுகல் ஆகியவை மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெறத் தொடங்கியது அவரைப் போன்றவர்களால்தான். இக்கட்டுரையாளர் கண்ட மாற்றங்களில் மிகவும் மதிக்கத்தக்கது இதுவே.

தனிப்பட்ட பணப் பயன் உள்ள பொருளில் உறுப்பினர் வாக்களிக்கவோ விவாதத்தில் பங்கேற்கவோ கூடாது என்ற விதி சட்டத்தில் தெளிவாக இருந்தும், மன்றங்களில் மிகக் குறைவாகவே கடைப்பிடிக்கப்படுகிறது. நேரடியான பயன் மட்டுமன்றி மறைமுகமான பயனும் இதில் அடங்கும். பேருந்து நிலையச் சைக்கிள் நிறுத்துமிடக் குத்தகை உறுப்பினரின் மைத்துனர் பெயரிலும், சாலை ஒப்பந்தம் அவர் பங்குதாரராக இருந்து விலகிய நிறுவனத்தின் பெயரிலும் இருப்பது ஊரறிந்த செய்தியாக இருக்கும்; ஆனால் பொருள் வரும்போது எழுந்து, எனக்கு இதில் தொடர்புண்டு, ஆதலால் விலகியிருக்கிறேன் என்று கூறியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கூறியவர்களில் ஒருவருக்கு வாக்கு குறையவில்லை. அடுத்த தேர்தலிலும் வென்றார். நகராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு கொண்டிருப்பது பதவித் தகுதியையே பறிக்கக்கூடியது என்பதைப் பதவியேற்ற வாரத்திலேயே ஒவ்வொரு உறுப்பினருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியது அலுவலகத்தின் கடமை.

அதேபோல் எடுத்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, தனி உறுப்பினர் ஒருவருக்கு நகராட்சி ஊழியருக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை என்பது. வேலையில் காணும் குறையை ஆணையாளரின் கவனத்துக்குக் கொண்டுவரலாம், மன்றத்தில் கேள்வி எழுப்பலாம், தீர்மானம் கொண்டுவரலாம். துப்புரவு மேற்பார்வையாளரைத் தெருவில் நிறுத்தி அதட்ட இயலாது. அதட்டப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் அழுதுகொண்டு அலுவலகம் வந்த நாட்கள் உண்டு. இவ்விஷயத்தில் விதி முழுவதும் பணியாளர் பக்கம் நிற்கிறது.

கூட்டம் முடிந்தபின் தொடங்கும் வேலையே மன்றப் பிரிவின் உண்மையான பொறுப்பு. வந்தவர்களின் பெயர்களும் நடவடிக்கைகளும் புத்தகத்தில் எழுதப்பட்டு, தலைமை வகித்தவரால் ஒப்பமிடப்பட வேண்டும். பொருள் நிராகரிக்கப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது, கூடுதல் விவரத்துடன் மீண்டும் வைக்கப் பணிக்கப்பட்டது என்ற மூன்றும் அரங்கில் ஒரே மாதிரி ஒலிக்கலாம்; விளைவில் மூன்றும் வேறு. நிறைவேறிய தீர்மானத்தை மூன்று மாதங்களுக்குள் மாற்றவோ நீக்கவோ வேண்டுமெனில், அதற்கென்றே தனியாகக் கூட்டப்பட்ட கூட்டமும், மன்றத்தின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்குக் குறையாத ஆதரவும் வேண்டும் என்று பழைய விதி கூறியது. ஒத்திவைக்கப்பட்ட பொருளுக்கு இத்தடை இல்லை. அது எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும். ஓர் அடுக்குமாடிக் கட்டடம் தொடர்பான பொருள், ஒத்திவைக்கப்பட்டதா நிராகரிக்கப்பட்டதா என்ற வாதத்தில், கூட்டம் முடிந்த மாலையிலேயே மன்றப் பிரிவுக்குள் இரு தரப்பினரும் வந்து நின்றனர். அரங்கில் எடுத்த கையெழுத்துக் குறிப்பில், முன்மொழிந்தவரின் சொற்கள் அப்படியே இருந்ததால் வாதம் அங்கேயே முடிந்தது. அதன்பின் அம்மன்றத்தில் தலைவர் ஒவ்வொரு பொருளின் முடிவையும் தம் வாயால் ஒருமுறை திரும்பச் சொல்லும் பழக்கம் ஏற்பட்டது; இதைவிட எளிய, பயனுள்ள சீர்திருத்தம் வேறில்லை.

முடிவை ஏற்காத உறுப்பினர் தம் எதிர்ப்புக் குறிப்பை எழுத்தில் கொடுக்கலாம். அது நடவடிக்கைக் குறிப்போடு சேர்ந்து மேலிடத்துக்குச் செல்ல வேண்டும். சட்ட வரம்பை மீறிய தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் நீக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதால், மன்றத்தில் ஒற்றை வாக்காகத் தோற்றவரின் எழுத்து வெளியே பயன்தரக் கூடும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபின் இப்புத்தகங்களின் நகலை வரி செலுத்துவோர் கேட்டு வாங்கத் தொடங்கினர். அதன் விளைவு அலுவலகக் குறிப்புகளின் நடையிலேயே தெரிந்தது. தொகையும் தேதியும் முன்னைவிட ஒழுங்காக எழுதப்பட்டன, ‘பொதுமக்கள் நலன் கருதி’ என்ற தொடர் குறைந்தது.

2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 மார்ச்சில்தான் புதிய மன்றங்கள் பதவியேற்றன. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் நகராட்சியின் ஆணையாளரே தனி அலுவலராகவும் இருந்தார். ஆணையாளர் என்ற முறையில் அவர் வைத்த பொருளைத் தனி அலுவலர் என்ற முறையில் அவரே தீர்மானித்தார். ஒரே தாளில், ஒரே பேனாவில், இரண்டு ஒப்பங்கள் இட்டார். வேலைகள் வேகமாக நடந்தன என்று சொல்வோர் உண்டு, அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் கேள்வி கேட்கப்படாத குறிப்புகள் சுருங்கிப்போயின. ஏலத்தின் தேதியைக் கேட்க எவரும் இல்லாத இடத்தில் அதை எழுதவும் எவரும் மெனக்கெடவில்லை. மன்றப் பிரிவுக்கு வேலை குறைந்தது. அது மகிழத்தக்கதாக இருக்கவில்லை. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு 1996வரை தேர்தலின்றி இருந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த இடைவெளி புதிதாகத் தோன்றியிராது. ஆயினும், ஒரு தலைமுறை ஊழியர்கள் கேள்வியே எழாத அலுவலகத்தில் பயிற்சி பெறுவது எத்தகைய இழப்பு என்பது 2022இல் முதல் கூட்டம் கூடியபோது வெளிப்பட்டது. அன்று உறுப்பினர்களுக்கும் விதி தெரியவில்லை, அலுவலர் பலருக்கும் தெரியவில்லை.

தலைவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதும் அரங்கின் நடத்தையை மாற்றுகிறது. 1996, 2001, 2011 தேர்தல்களில் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006இலும் 2022இலும் உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். நேரடியாக வந்த தலைவர் உறுப்பினர்களைப் பொருட்படுத்தாமல் இருக்க முடிந்தது. உறுப்பினர்களால் வந்த தலைவர் ஒவ்வொரு வார்டின் மனக்குறையையும் கேட்டாக வேண்டியிருந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற கருவியும் இப்பின்னணியிலேயே மீண்டும் பேசப்பட்டது. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையோர் வந்து வாக்களிக்க வேண்டும். 2024 ஜனவரியில் திருநெல்வேலி மாநகராட்சியிலும், அவ்வாண்டு ஜூலையில் காஞ்சிபுரம் மாநகராட்சியிலும் மேயருக்கு எதிரான தீர்மானத்துக்காகக் கூட்டப்பட்ட கூட்டங்களுக்கு உறுப்பினர்கள் வராததால் அத்தீர்மானங்கள் தோற்றுப்போயின. மனுவில் ஒப்பமிடுவதும் கூட்டத்தில் வந்து அமர்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதை மன்றப் பிரிவில் இருந்தவர்கள் முன்பே அறிவர்.

1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்து, திருத்தங்களுடன், புதிய விதிகளோடு சேர்ந்து 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் பொதுவான ஒரே சட்டம் கிடைத்தது நன்மையே. அதற்கு முன்பே வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்கப்பட்டு, 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சிகள் தினத்தில் பகுதி சபைகள் கூடின. ஊரகப் பகுதியின் கிராம சபைக்கு இணையான ஓர் அரங்கு நகரவாசிக்கும் கிடைத்தது. இதற்கிடையே சைக்கிளில் சென்ற அறிவிப்பு வாட்ஸ்ஆப் குழுவுக்கு மாறியது. அறிவிப்பு விரைவாகச் சேர்கிறது. ஆனால் பார்த்ததற்கான நீலக் குறியைச் சார்வாகக் கொள்வது பாதுகாப்பானதன்று, ஒப்பம் பெற்ற தாளே இன்றும் நம்பத்தக்கது என்று இக்கட்டுரையாளர் ஓய்வு பெறும் நாள்வரை பிரிவில் வலியுறுத்திவந்தார். கூட்டத்தை உறுப்பினர்கள் கைப்பேசியில் பதிவு செய்து வெளியிடுவதும் வழக்கமாகிவிட்டது. இதனால் சிலர் கேமராவை நோக்கிப் பேசுகின்றனர் என்பது உண்மை. ஆயினும் சொன்னதும் சொல்லாததும் பதிவாவதால் நடவடிக்கைக் குறிப்பைத் திரிப்பது முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது.

2022இல் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. அடுத்து வரும் உறுப்பினர்களுக்குத் திட்டங்களைப் பற்றிய பயிற்சியே வழக்கம்போல் முதலில் அளிக்கப்படும். அதற்கு முன்பாக, கூட்ட விதிகள் அடங்கிய பகுதியை எளிய தமிழில் அச்சிட்டு, பதவியேற்பு நாளிலேயே ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். கூடவே அந்நகராட்சியின் பழைய கூட்டப் பொருள் தொகுப்பு ஒன்றையும் அதற்குரிய நடவடிக்கைக் குறிப்பையும் இணைத்து, மன்றப் பிரிவு ஊழியரையே அருகில் அமர்த்தி, ஒரு பொருளை எப்படிப் படிப்பது, எந்த விவரம் விடுபட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எதிர்ப்பை எந்தச் சொற்களில் பதிவு செய்யச் சொல்வது என்பதை அரை நாள் சொல்லிக் கொடுத்தால் போதும். இதற்குத் தனி நிதி தேவையில்லை, அரசாணையும் தேவையில்லை. பதவியேற்புக்கும் முதல் சாதாரணக் கூட்டத்துக்கும் இடையே கிடைக்கும் நாட்களில், ஆணையாளர் ஒருவர் மனம் வைத்தாலே எந்த நகராட்சியிலும் இதைச் செய்துவிட முடியும்.